ஃபோட்டோஷொப்பில ஐசிஓ, சியுஆர் சேவ் பண்ணுறது: பிளக்இன், அளவுகள், ஹொட்ஸ்பொட்

கல்லடிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அரிசி ஆலை ஒண்டுக்கு பில் போடுற சொஃப்ட்வெயர் செய்யிறன். விண்டோஸ் 10, சி ஷார்ப், வின்ஃபோர்ம்ஸ். அதுக்கு ஐகொன் (ஐசிஓ கோப்பு) ஒண்டும், மூட்டைக் கணக்குப் பதியிற திரையில மட்டும் வாற மாதிரி மீன் வடிவக் கேர்சர், அதாவது மவுஸ் குறி (சியுஆர் கோப்பு) ஒண்டும் வேணும். படம் ஃபோட்டோஷொப்பில 512க்கு 512 பிக்சலில இருக்கு. பின்னால மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலம், முன்னால மீன், கீழ ஆலைட பேர்.

சேவ் அஸ் போனா ஐசிஓ என்ட பேரே லிஸ்ட்டில இல்ல. பிஎன்ஜியா சேவ் பண்ணி, கடைசி எழுத்துகள மாத்தி ஐசிஓ என்டு போட்டா பிரவுசரில தெரியுது. ஆனா விஷுவல் ஸ்டூடியோவில பில்ட் பண்ணக்குள்ள சிஎஸ்7065 என்டு பிழை வருது, ஐகொன் எதிர்பார்த்த வடிவத்தில இல்லையாம். ஒன்லைனில மாத்தித் தாற இடத்தில போட்டு எடுத்த ஐசிஓ பில்ட் ஆகுது, ஆனா டைட்டில் பாரில சாம்பல் கறை மாதிரித்தான் நிக்குது. கேர்சருக்கும் அதே ஐசிஓவ சியுஆர் என்டு பேர் மாத்திப் போட்டன். மீன்ட வாயால பட்டனத் தொட்டா கிளிக் விழுகுதில்ல, வயித்தால தொட்டாத்தான் விழுகுது.

எந்த பிளக்இன் போடணும், என்னென்ன அளவு வேணும், ஏன் இப்பிடி நடக்குது என்டு தெரிஞ்சவங்க விளக்கமாச் சொல்லுங்க.

வாவியோரம்:

தம்பி, முதலில் பெயர் மாற்றிய பிஎன்ஜி ஏன் பிடிபடவில்லை என்று பார்ப்போம். மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும்.

ஐசிஓ கோப்பு 6 பைட் தலைப்போடு தொடங்கும். முதல் இரண்டு பைட் எப்போதும் 0. அடுத்த இரண்டு பைட் வகை: 1 என்றால் ஐகொன், 2 என்றால் கேர்சர். கடைசி இரண்டு பைட், உள்ளே எத்தனை படம் இருக்கிறது என்ற எண்ணிக்கை. அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட்டில் ஒரு பதிவு: அகலம், உயரம், நிற ஆழம், படத் தரவு எத்தனை பைட், அது கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது. அகலத்துக்கு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், 256ஐ எழுத அதில் இடமில்லை. ஆகவே 0 என்று எழுதியிருந்தால் 256 என்று பொருள். இந்தத் தலைப்பு இல்லாத கோப்பை விஷுவல் ஸ்டூடியோ ஏற்காது. பிரவுசர் கோப்பின் பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்த்து பிஎன்ஜி என்று கண்டுபிடித்துக் காட்டிவிடுகிறது. அதனால்தான் ஓரிடத்தில் வேலை செய்கிறது, மற்ற இடத்தில் இல்லை.

ஃபோட்டோஷொப் தானாக ஐசிஓ எழுதாது. டெலிகிராஃபிக்ஸ் தளத்தில் கிடைக்கும் ஐசிஓஃபோர்மட் என்ற இலவச பிளக்இன் வேண்டும். 64 பிட் ஃபோட்டோஷொப்புக்கு 64 பிட் கோப்பையே எடுக்க வேண்டும்; 32 பிட் கோப்பைப் போட்டால் பிழை எதுவும் காட்டாது, லிஸ்ட்டில் வராமலே இருக்கும். ஃபோட்டோஷொப்பை மூடி, புரோகிராம் ஃபைல்ஸில் அதன் ஃபோல்டருக்குள் இருக்கும் பிளக்இன்ஸ் ஃபோல்டரில் கோப்பைப் போட்டு, திரும்பத் திறக்க வேண்டும்.

போட்ட பிறகும் ஐசிஓ தெரியவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். படம் 256 பிக்சலுக்கு மேல் பெரிதாக இருக்கலாம். உங்கள் படம் 512, ஆகவே இது நிச்சயம் தடுக்கும். இமேஜ் மெனுவில் மோட் 16 பிட்டிலோ சிஎம்வைகேயிலோ இருக்கலாம். ஆர்ஜிபி, சனலுக்கு 8 பிட் என்று மாற்றுங்கள். மூன்றாவது, 2021 நடுவில் வந்த 22.4 பதிப்பிலிருந்து சேவ் அஸ் பட்டியலைச் சுருக்கிவிட்டார்கள். பல வடிவங்கள் சேவ் எ கொப்பி என்ற கட்டளையில்தான் கிடைக்கும். பழையபடி வேண்டுமென்றால் பிரெஃபரன்ஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதிக்குப் போய் பழைய சேவ் அஸ் முறையை டிக் பண்ணலாம்.

இந்த பிளக்இன்னுக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. ஒரு கோப்பில் ஒரு படத்தைத்தான் எழுதும். உங்களுக்குத் தேவை பல அளவுகள் உள்ள ஒரு கோப்பு. டைட்டில் பாரில் கறை தெரிவதற்குக் காரணமும் இதுதான்: பெரிய படம் ஒன்று மட்டும் உள்ளே இருந்தால் விண்டோஸ் அதையே 16 பிக்சலுக்குச் சுருக்கிப் போடும்.

திரையின் அளவீடு 100 சதவீதமாக இருந்தால் டைட்டில் பாரில் 16, டாஸ்க் பாரில் 24, டெஸ்க்டொப்பில் 48 தேவைப்படும். எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகொன்ஸ் காட்சிக்கு 256. 15.6 அங்குல லாப்டொப்கள் பெரும்பாலும் 125 சதவீதத்தில் ஓடும், அங்கே இவை 20, 30, 60 ஆகிவிடும். 150இல் 24, 36, 72. எல்லாவற்றையும் தனித்தனியே வரைவது வேலைக்கு ஆகாது. 16, 20, 24, 32, 48, 256 ஆறும் கட்டாயம், 40உம் 64உம் இருந்தால் நல்லது. 20ஐ விட்டுவிடாதீர்கள். ஆலை அலுவலகத்தில் 125இல் ஓடும் லாப்டொப் ஒன்று இருந்தால் டைட்டில் பாரில் விண்டோஸ் வேறொரு அளவைத்தான் இழுத்துப் பொருத்தும், ஓரமெல்லாம் கலங்கும்.

இனி படத்துக்கு வருவோம். 1924இல் திறந்த பழைய பாலத்தின் அழகே அந்த இரும்புச் சட்டகம்தான், 256இல் அருமையாக நிற்கும். ஆனால் கணக்குப் பாருங்கள்: 256இலிருந்து 16க்கு வரும்போது ஒவ்வொரு கோடும் பதினாறில் ஒரு பங்காகிறது. 256இல் 3 பிக்சல் தடிப்பான கம்பி 16இல் 0.19 பிக்சல். ஒரு பிக்சலுக்குள் கம்பியும் வானமும் கலந்து சாம்பலாக விழும். நீங்கள் பார்க்கும் கறை அதுதான். எந்த பிளக்இன்னும் இதைத் திருத்தாது.

ஆகவே மூன்று படமாகப் பிரித்து வரையுங்கள். 256க்குப் பாலமும் மீனும். ஆலையின் பெயரை எடுத்துவிடுங்கள், ஐகொனுக்குக் கீழே விண்டோஸே பெயர் போடும். 48, 32 இரண்டுக்கும் மீனும், அதன் கீழே பாலத்துக்கு அடையாளமாக ஒரே ஒரு கிடைக்கோடும். 24க்கும் அதற்குக் கீழும் மீன் மட்டும்.

16ஐ பென்சில் டூலால் பிக்சல் பிக்சலாக வையுங்கள், பிரஷ் வேண்டாம். சுற்றிவர 1 பிக்சல் இடம் விட்டால் 14 மிஞ்சும்: உடம்பு 10 அகலம், வால் 4. உடம்பின் உயரத்தை 7 என்று ஒற்றைப்படையில் எடுத்தால் வாயும் வாலும் சேரும் நடுவரி சரியாக ஒரு பிக்சல் வரிசையில் உட்காரும். 8 எடுத்தால் நடுவரி இரண்டு வரிசைக்கு இடையில் விழுந்து வாய் மொட்டையாகத் தெரியும். கண் ஒரு பிக்சல். செதிலும் செட்டையும் வேண்டாம். வாவி நீலத்தில் மீனை வரைவதாக இருந்தால் ஓரத்தில் கடும் நீலம் 1 பிக்சல் கொடுங்கள், வெள்ளை டைட்டில் பாரிலும் கறுப்பு டாஸ்க் பாரிலும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

20, 24, 32 மூன்றையும் வெக்டர் வடிவத்தில் வைத்திருந்தால் பிரெஃபரன்ஸில் பிக்சல் கிரிட்டுக்கு ஸ்னாப் ஆகும் வசதியைப் போட்டுவிட்டு அளவைக் குறையுங்கள். அரை பிக்சலில் நிற்கும் ஓரங்கள் அப்போது வராது.

சாய்ந்தமருதூரான்:

அஸ்ஸலாமு அலைக்கும். வாவியோரம் சொன்ன அளவும் படமும் சரி. கோப்பாக் கட்டுற வேலைக்கு மட்டும் ஃபோட்டோஷொப்ப விட்டுட்டு கிம்ப்புக்கு வாங்க என்டுதான் நான் சொல்லுவன். கிம்ப் படம் திருத்துற இலவச சொஃப்ட்வெயர், பிளக்இன் தேடத் தேவல்ல, ஐசிஓ எழுதுற பிளக்இன் அதுக்குள்ளேயே இருக்கு. முக்கியமா, ஒவ்வொரு லெயரையும் ஒவ்வொரு அளவா ஒரே கோப்பில எழுதும்.

ஃபோட்டோஷொப்பில ஒவ்வொரு அளவையும் தனித்தனி பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, பின்னணி வெறுமையா இருக்கணும். கிம்ப்பில 256 படத்த முதல்ல திறந்து, ஃபைல் மெனுவில ஓப்பன் அஸ் லெயர்ஸ் குடுத்து மத்ததெல்லாத்தையும் ஒண்டாத் தெரிவு செய்ங்க. எல்லாம் தன்ட தன்ட அளவோட லெயரா வந்து நிக்கும். சின்ன லெயர் 256 கன்வஸ்ஸில ஒரு மூலையில நிண்டாலும் பரவாயில்ல, லெயர்ட அளவுதான் கணக்கு.

மறுகா ஃபைல், எக்ஸ்போர்ட் அஸ். பேருக்குக் கடைசியில புள்ளி வச்சு ஐசிஓ என்டு அடிங்க. எக்ஸ்போர்ட் குடுத்தா ஒவ்வொரு லெயருக்கும் ஒரு வரி வரும், நிற ஆழத்துக்கு ஒரு பட்டியலும் பிஎன்ஜியாச் சுருக்குறதுக்கு ஒரு டிக்கும் இருக்கும். எல்லாத்துக்கும் 32 பிட், 8 பிட் அல்ஃபா (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரியணும் என்ட அளவு) எடுங்க. 256க்கு மட்டும் பிஎன்ஜி டிக் போடுங்க, மத்ததுக்கு எடுத்துருங்க.

ஏன் 256க்கு மட்டும் என்டு கேட்டா: பிஎன்ஜி இல்லாம எழுதினா 256 படம் ஒண்டே 2,70,376 பைட் வரும். நிறத்துக்கு 2,62,144, எந்த இடம் வெறுமை என்டு காட்டுற மாஸ்க்குக்கு 8,192, தலைப்புக்கு 40. பிஎன்ஜியாப் போட்டா அதில சின்னப் பங்குதான். ஆனா ஐகொனுக்குள்ள பிஎன்ஜி வைக்கிற முறை விண்டோஸ் விஸ்டாவோட வந்தது. பழைய எக்ஸ்பி மெஷினும் பழைய புரோகிராம்களும் அத வாசிக்காது. சின்ன அளவுகள் சாதாரண பிஎம்பியா இருந்தா அதுகளாவது எங்கயும் தெரியும். கிம்ப்பும் இதப் பத்தி ஒரு எச்சரிக்கை காட்டும், அதப் பாத்துப் பயப்படத் தேவல்ல.

சரியா எழுதியிருக்கா என்டு பாக்க நல்ல வழி கோப்பின்ட பைட் கணக்குத்தான். 32 பிட் பிஎம்பியா இருந்தா 16க்கு 1,128 பைட், 32க்கு 4,264, 48க்கு 9,640. இந்த மூண்டு மட்டும் உள்ள கோப்பு, தலைப்பு 54 பைட்டும் சேத்து 15,086 பைட் சரியா வரணும். புரொப்பர்ட்டீஸில பாத்த சைஸ் இதவிடக் குறைவா இருந்தா ஒண்டில் ஒரு லெயர் விடுபட்டிருக்கு, இல்லாட்டி நிற ஆழம் குறைஞ்சிருக்கு, இல்லாட்டி பிஎன்ஜி டிக்க எடுக்காம விட்டிருக்கு.

வழுக்குற இடம் மூண்டு இருக்கு.

முதலாவது, கிம்ப்புக்குள்ளேயே அளவு குறைக்கிறவங்க இமேஜ் மெனுவில உள்ள ஸ்கேல் இமேஜ்ஜ அமத்துறது. அது எல்லா லெயரையும் சேத்துச் சுருக்கும். லெயர் மெனுவில உள்ள ஸ்கேல் லெயர்தான் வேணும்.

ரெண்டாவது, எழுத்து லெயர். ஐகொனில "ம" என்டு ஒரு எழுத்துப் போட்டா, அந்த லெயர்ட எல்லை எழுத்தச் சுத்தித்தான் இருக்கும், 251க்கு 198 என்ட மாதிரி. அப்பிடியே எக்ஸ்போர்ட் பண்ணினா 251க்கு 198 என்டு ஒரு ஐகொன் உள்ள போயிரும், விண்டோஸ் அத இழுத்துச் சதுரமாக்கும். லெயர் டு இமேஜ் சைஸ் குடுத்து எல்லைய விரிச்சுட்டு மறுகா அளவு குறைங்க. சும்மா கீறிப் பாத்த லெயர்களையும் கண் குறிய அமத்தி மறைச்சு வச்சாப் போதாது, அழிச்சுருங்க.

மூண்டாவது, மீனச் சுத்தி வெள்ளை ஓரம். வெள்ளைப் பின்னணியில வரைஞ்சு, மறுகா மேஜிக் வாண்டால வெள்ளைய வெட்டி எடுத்தா ஓரத்துப் பிக்சலில பாதி வெள்ளை கலந்து நிக்கும். வெளிச்சமான திரையில தெரியாது, கறுப்பு டாஸ்க் பாரில பளிச்சென்டு தெரியும். ஆரம்பத்திலேயே வெறுமையான லெயரில வரையிறதுதான் மருந்து. 24 பிட், 1 பிட் அல்ஃபா என்ட தெரிவையும் தொடாதீங்க. அதில ஒரு பிக்சல் முழுசாத் தெரியும், இல்லாட்டி முழுசா மறையும். நடுவில ஒண்டுமில்ல, அதால வளைவெல்லாம் பல்லுப் பல்லா வரும்.

ஃபோட்டோஷொப்பும் வேணாம் கிம்ப்பும் வேணாம் என்டு நிக்கிறவங்களுக்கு பெயிண்ட் டொட் நெட் இருக்கு. அதுவும் தானா ஐசிஓ எழுதாது. ஐகொன், கேர்சர், அசையும் கேர்சர் மூண்டுக்கும் சேத்து ஒரு பிளக்இன் இருக்கு. டிஎல்எல் கோப்ப பெயிண்ட் டொட் நெட்ட ஃபோல்டருக்குள்ள ஃபைல்டைப்ஸ் என்ட ஃபோல்டரில போடணும். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில எடுத்த பதிப்பென்டா டொக்யுமன்ட்ஸ்ஸுக்குள்ள பெயிண்ட் டொட் நெட் அப் ஃபைல்ஸ் என்டு ஃபோல்டர் உண்டாக்கி, அதுக்குள்ள ஃபைல்டைப்ஸ் உண்டாக்கிப் போடணும். ஸிப் கோப்பில வந்த டிஎல்எல்ல விண்டோஸ் தடுத்து வச்சிருக்கும். ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், அன்பிளொக். இந்த முறையில ஒரு படத்தையே பல அளவாச் சுருக்கித்தான் எழுதுவீங்க, 16ஐத் தனியா வரைஞ்சு வைக்கிற ஆளுக்கு கிம்ப்தான் சரி.

கல்லடிக்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. கிம்ப்பில எட்டு அளவும் கட்டினன், 16 இப்ப மீனாவே தெரியுது. ஆனா பில்ட் பண்ணின பிறகும் டெஸ்க்டொப் ஷோர்ட்கட்டில பழைய ஐகொன்தான். எக்ஸ்இயிட ஐகொன் மாறினாலும் ஓடக்குள்ள டைட்டில் பாரில விஷுவல் ஸ்டூடியோட வழமையான ஐகொன் வருது. கேர்சர் விஷயத்தையும் யாராவது சொல்லுங்க.

வாவியோரம்:

ஷோர்ட்கட்: விண்டோஸ் ஐகொன்களைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பக் காட்டும். டாஸ்க் மனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஐசிஓ கோப்புக்குப் புதுப் பெயர் வைத்து ஷோர்ட்கட்டின் சேஞ்ச் ஐகொனில் அதைக் காட்டுங்கள். பெயர் புதிது என்றால் பழையதை எடுத்துக்காட்ட வழியில்லை.

டைட்டில் பார்: புரொஜெக்ட் புரொப்பர்ட்டீஸில் அப்ளிகேஷன் பகுதியில் கொடுக்கும் ஐகொன் எக்ஸ்இ கோப்புக்கு மட்டும். ஒவ்வொரு ஃபோர்முக்கும் அதன் சொந்த ஐகொன் புரொப்பர்ட்டி தனியே உண்டு. டைட்டில் பாரும், ஓடும்போது டாஸ்க் பாரும் அதைத்தான் பார்க்கும். அதே ஐசிஓவை அங்கேயும் கொடுங்கள்.

திருக்கோவில் கடற்கரை:

கேர்சர் பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன்.

வயிற்றால் கிளிக் விழுவதற்குக் காரணம் ஹொட்ஸ்பொட். கேர்சர் படத்தில் எந்த ஒரு பிக்சல் கிளிக்காக எண்ணப்படுகிறதோ அதுதான் ஹொட்ஸ்பொட். ஐகொன் கோப்பில் அது எழுதப்படுவதே இல்லை. ஐகொனுக்கு ஹொட்ஸ்பொட் எப்போதும் நடுவில் என்பது விண்டோஸின் விதி. கோப்பின் பெயரை சியுஆர் என்று மாற்றினாலும் உள்ளே வகை 1 ஆகவே இருக்கிறது, ஆகவே படத்தின் நடு, அதாவது மீனின் வயிறு.

ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் கருவி) அந்த 1ஐ 2 ஆக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் மோசமாகும். வாவியோரம் சொன்ன 16 பைட் பதிவில், ஐகொனில் நிறத் தளமும் நிற ஆழமும் இருக்கும் அதே நான்கு பைட்டைத்தான் கேர்சரில் ஹொட்ஸ்பொட்டுக்கு எடுத்திருக்கிறார்கள். 32 பிட் ஐகொனில் அங்கே பொதுவாக 1உம் 32உம் எழுதியிருக்கும். வகையை 2 ஆக்கியதும் அதுவே இடமிருந்து 1, மேலிருந்து 32 என்ற ஹொட்ஸ்பொட்டாகிவிடும். 32 பிக்சல் படத்தில் வரிசைகள் 0இலிருந்து 31 வரைதான், 32 என்பது படத்துக்கு வெளியே.

ஆகவே கேர்சர் என்றே சேவ் பண்ணும் கருவி வேண்டும். கிம்ப் 3.0 2025 மார்ச்சில் வந்தது. அதில் சியுஆர் என்று முடியும் பெயரோடு எக்ஸ்போர்ட் பண்ணினால் ஒவ்வொரு லெயருக்கும் ஹொட்ஸ்பொட் எக்ஸ், வை கேட்கும். 2.10இல் இது இல்லை, முதலில் ஹெல்ப் மெனுவில் பதிப்பைப் பாருங்கள். பெயிண்ட் டொட் நெட் பிளக்இன்னும் கேர்சர் எழுதும். கேர்சர் வேலை மட்டும் என்றால் ரியல்வேர்ல்ட் கேர்சர் எடிட்டர் என்ற இலவசக் கருவியும் இருக்கிறது, அதில் ஹொட்ஸ்பொட்டைப் படத்தின் மேலேயே மவுஸால் வைக்கலாம்.

மீனை வரையும்போது வாய் மேல் இடப்பக்கம் பார்க்கட்டும். அம்புக்குறி பழகிய கை அந்த மூலையால்தான் தொடும். வாய் வலப்பக்கம் இருந்தால் ஹொட்ஸ்பொட் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் தவறவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அழகை விட்டுக்கொடுத்து வசதியைப் பாருங்கள். நாள் முழுக்க மூட்டைக் கணக்கு அடிக்கிறவருக்கு அது பெரிய வித்தியாசம்.

எண்ணுவது 0இலிருந்து. மேல் இடது மூலைப் பிக்சல் 0, 0. 32 பிக்சல் படத்தில் மீனின் மூக்குநுனி இடமிருந்து 4, மேலிருந்து 2 என்று வைத்துக்கொள்வோம். 48இல் அது 6, 3 ஆகும். 64இல் 8, 4. 96இல் 12, 6. 128இல் 16, 8. ஒவ்வொரு அளவுக்கும் தனியே எழுத வேண்டும், ஒன்றுக்கு எழுதினால் மற்றதுக்குப் போகாது. இதை மறந்து எல்லா அளவுக்கும் 4, 2 என்று விட்டால் உங்கள் மெஷினில் 100 சதவீதத்தில் சரியாக இருக்கும். ஆலையில் 200 சதவீதத் திரையில் 64 படம் வரும்போது மூக்குநுனி 8, 4இல் இருக்க கிளிக் 4, 2இல், வெறும் இடத்தில் விழும். குறுக்கே நாலு, மேலே இரண்டு பிக்சல் பிழை, கட்டங்கள் நெருக்கமான திரையில் பக்கத்துக் கட்டத்தையே தொட்டுவிடும்.

சேவ் பண்ணிய பிறகு ஹெக்ஸ் எடிட்டரில் ஒருதரம் திறந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை. பைட்களை 0இலிருந்து எண்ணினால் 2ஆம் பைட்டில் 02 இருக்க வேண்டும். முதல் படத்தின் ஹொட்ஸ்பொட் 10ஆம் பைட்டிலிருந்து 13 வரை: 4, 2 என்றால் 04 00 02 00 என்று தெரியும். சின்ன பைட் முதலில் வரும், அதனால்தான் 00 பின்னால் நிற்கிறது. அடுத்த படத்துக்கு 16ஐக் கூட்டி 26இலிருந்து 29 வரை, அதற்கு அடுத்தது 42இலிருந்து 45 வரை. ஹொட்ஸ்பொட் மட்டும் பிழைத்திருந்தால் இங்கேயே திருத்திச் சேவ் பண்ணலாம், படத்தைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை.

நிறம்: உள்ளே வெள்ளை, சுற்றிவர 1 பிக்சல் கறுப்பு ஓரம். நீல மீன் அழகுதான், ஆனால் விண்டோஸில் தெரிவு செய்த வரி நீலமாக இருக்கும், அதன் மேல் மீன் காணாமற்போய்விடும்.

மீனை வால் ஆட்ட வைக்கும் எண்ணம் இருந்தால் ஏஎன்ஐ என்ற அசையும் கேர்சர் கோப்பு வேண்டும். அதன் வேகத்தை வினாடியின் 60இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 6 என்று கொடுத்தால் ஒரு படத்துக்கு 0.1 வினாடி. நாலு படம், ஒவ்வொன்றும் 8 அல்லது 10 கொடுத்தால் வால் நிதானமாக ஆடும். ஹொட்ஸ்பொட் நாலு படத்திலும் ஒரே இடத்தில் இருக்கட்டும், உடம்பு அசையாமல் வால் மட்டும் அசையட்டும். இல்லையென்றால் மவுஸ் நின்றிருந்தாலும் கிளிக் விழும் இடம் ஆடிக்கொண்டிருக்கும். என் கருத்து, கணக்கு அடிக்கும் திரையில் அசைவு வேண்டாம்.

ஏறாவூரான்:

கோப்பு எல்லாம் சரியா இருந்தாலும் வின்ஃபோர்ம்ஸ்ல ஒரு இடத்தில முட்டுவீங்க, அத இப்பவே சொல்லிடுறன்.

டொட் நெட்டில உள்ள கேர்சர் கிளாஸ் கறுப்பு வெள்ளைக் கேர்சருக்குத்தான். நிறமுள்ளதும் ஏஎன்ஐயும் அதில எடுபடாது என்டு மைக்ரோசொஃப்ட்ட ஆவணத்திலேயே எழுதியிருக்கு. சியுஆர்ர ரிசோர்ஸ்ஸில போட்டு நேரா எடுத்தா மீன் கறுப்பா, இல்லாட்டி ஓரமெல்லாம் கடிச்ச மாதிரி வரும். உங்கட கோப்பில பிழை என்டு நினைச்சு அத நோண்டாதீங்க.

யூசர்32 டிஎல்எல்லில லோட் கேர்சர் ஃப்ரம் ஃபைல் என்டு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அத டிஎல்எல் இம்போர்ட் பண்ணி, அது தாற ஹேண்டில்ல (ஏத்தின கேர்சரக் குறிக்கிற எண்) வச்சு புதுக் கேர்சர் உண்டாக்குங்க. நிறம், அல்ஃபா, ஏஎன்ஐ எல்லாம் வரும். ஆனா இது டிஸ்க்கில உள்ள கோப்பத்தான் வாசிக்கும், எக்ஸ்இக்குள்ள பொதிஞ்ச ரிசோர்ஸ்ஸ வாசிக்காது. அதால சியுஆர்ர புரொஜெக்ட்டில சேத்து, கொப்பி டு அவுட்புட் டிரெக்டரிய கொப்பி இஃப் நியூவர் என்டு வைங்க. இன்ஸ்டோலரிலயும் சேக்க மறக்காதீங்க.

கோப்பின்ட இடத்தை எக்ஸ்இ இருக்கிற ஃபோல்டரிலிருந்து முழுப் பாதையாக் குடுங்க. வெறும் பேரக் குடுத்தா விஷுவல் ஸ்டூடியோவில ஓடும். ஷோர்ட்கட்டில ஸ்டார்ட் இன் வேற ஃபோல்டரா இருந்தா கோப்பக் காணாம ஹேண்டில் 0 வரும், அத வச்சுக் கேர்சர் உண்டாக்கக்குள்ள புரோகிராம் எக்செப்ஷன் போட்டு நிண்டுரும். 0 வந்தா வழமையான அம்புக்குறியையே பாவிக்கிற மாதிரி ஒரு இஃப் போட்டு வைங்க.

ஃபோர்ம் திறக்கிற ஒவ்வொரு முறையும் ஏத்தாதீங்க. ஸ்டட்டிக் வேரியபிளில ஒருதரம் ஏத்தி வச்சுப் பாவிங்க. ஹேண்டிலிலிருந்து செஞ்ச கேர்சர டொட் நெட் தானா விடுவிக்காது.

கல்லடிக்கரை:

ஏறாவூரான் சொன்ன மாதிரிச் செஞ்சன், மீன் நிறத்தோட வருது, 10ஆம் பைட்டும் 04 00 02 00 காட்டுது. இன்னுமொண்டு: இதே சியுஆர்ர ஆலைட வெப் பக்கத்திலயும் போடலாமா?

திருக்கோவில் கடற்கரை:

போடலாம். சிஎஸ்எஸ்ஸில் கேர்சர் புரொப்பர்ட்டிக்குக் கோப்பின் முகவரியைக் கொடுத்து, கமா போட்டு, கடைசியில் ஓட்டோ என்றோ பொயின்டர் என்றோ ஒரு வழமையான பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லையென்றால் அந்த வரியையே பிரவுசர் செல்லாது என்று விட்டுவிடும். அங்கே பிஎன்ஜியும் எடுபடும். முகவரிக்குப் பின்னால் ஹொட்ஸ்பொட் எண் இரண்டையும் இடைவெளி விட்டு எழுதலாம். அளவு 32 பிக்சலில் நிற்கட்டும். குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் 128க்கு மேல் எடுக்காது, 32க்கு மேல் போனால் சன்னலின் ஓரத்தில் வழமையான அம்புக்குறிக்கு மாறிவிடும். ஏஎன்ஐயை இந்த இரண்டும் காட்டாது.